தென்னை நார்ப் பலகை ஏன் தொய்கிறது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் சின்னதாக ஒரு நார் மில் வைத்திருக்கிறேன். தென்னை நாரையும் பாலியஸ்டர் ரெசினையும் (ஊற்றினால் இறுகும் பிசின்) சேர்த்து அலமாரித் தட்டுக்குப் பலகை செய்து பார்த்தோம். கனம் வைத்தால் உடையவில்லை, ஆனால் தொய்கிறது. அதே அச்சில் வாழை நார் போட்டுச் செய்த பலகை விறைப்பாக நிற்கிறது. தென்னைப் பலகையை உடைத்துப் பார்த்தால் நார் முழுசாக உருவிக்கொண்டு வருகிறது. நாரின் தரம் சரியில்லையா? காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சரியாகுமா?

பதில்: உங்கள் நாரில் குறை இல்லை. தொய்வது வேறு சிக்கல், உருவிக்கொண்டு வருவது வேறு சிக்கல். சோடா இரண்டாவதைத்தான் தீர்க்கும்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். 20 செ.மீ. நீளத் தென்னை நார் ஒன்றை எடுத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் சுற்றி மெதுவாக இழுங்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்புறம் இழுபட்டுக்கொண்டே வரும். நல்ல நாராக இருந்தால் 3 செ.மீ.க்கு மேல் நீண்ட பிறகுதான் அறும். அதே நீள வாழை நாரை இழுத்தால் ஒரு செ.மீ.கூட நீளாமல் படக்கென்று அறுந்துவிடும். பலகையில் நீங்கள் பார்த்த வித்தியாசம் முழுவதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இரண்டு நாருக்கும் பலம் தருவது ஒரே பொருள்தான்: செல்லுலோஸ். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டிப் படிகம்போல இறுகி நுண்ணிழைகளாகின்றன. ஒரு நுண்ணிழையின் அகலம் 3 முதல் 4 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சுமார் 20,000 இழைகளை அடுக்கிவிடலாம். நீளவாக்கில் இழுத்தால் இந்த நுண்ணிழை கண்ணாடி இழையைவிட விறைப்பானது.

ஆனால் நாரின் செல் சுவரில் இந்த இழைகள் நேராகப் படுத்திருப்பதில்லை. கம்பத்தில் கொடி ஏறுவதுபோல் சுற்றிச் சுற்றிப் போகின்றன. நடுநடுவே லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் பசையாக நிற்கின்றன. நாரின் அச்சோடு இந்தச் சுற்று எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் நுண்ணிழைக் கோணம். வாழை நாரில் இது ஏறக்குறைய 11 டிகிரி, தென்னை நாரில் சுமார் 45.

வாழை நாரை இழுத்தால் பாரம் நேராக நுண்ணிழைமேல் ஏறுகிறது. அதனால்தான் அந்த விறைப்பு. தென்னை நாரை இழுத்தால் முதலில் சுருள் நிமிர்கிறது. நடுவில் இருக்கும் பசை கொஞ்சம் வழுக்கி, மறுபடி பிடித்துக்கொள்கிறது. நாரை இழுக்கும்போதே எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். நீள நீளக் கோணம் குறைவது அதில் தெரிகிறது. போதாததற்குத் தென்னை நாரின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் லிக்னின். அத்தனை உயரத்திலிருந்து விழும் காய்க்கு விறைப்பான கவசம் எதற்கு? அடியை வாங்கிக்கொள்ளும் மட்டைதான் வேண்டும். எனக்கு இந்த நார்மேல் இருக்கும் மதிப்பே அதனால்தான்.

சரி, உருவிக்கொண்டு வரும் சிக்கலுக்கு வருவோம். உடைந்த விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நார் இருந்த இடத்தில் வழவழப்பான துளை இருந்தால், ரெசின் நாரைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். நாரின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சுதான் காரணம். சோடா அதைக் கழற்றி, கூடவே மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்ன முண்டுகளையும் நீக்கிவிடும். அவை இருந்த குழிகளில் ரெசின் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சோடா, அதாவது 5 சதவீதம் போதும். 2, 4, 8 மணி நேரம் என்று மூன்று சின்ன ஈடுகளாக ஊறவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நேரமும் அளவும் மிஞ்சினால் நாரே நைந்துவிடும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், சோடா அதை அரித்து எரியும் வாயுவைக் கிளப்பும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்து, லிட்மஸ் தாள் நிறம் மாறுவது நிற்கும் வரை கழுவுங்கள். வெயிலில் காய்ந்த நாரும் காற்றிலிருந்து ஈரம் இழுத்து வைத்திருக்கும். அதனால் 80 டிகிரி சூட்டில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்று தெரிந்த பிறகே ரெசினில் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.

இத்தனையும் செய்தாலும் 45 டிகிரி 11 ஆகாது. தொய்வுக்கு வழி அடுக்கில் இருக்கிறது. பலகை வளையும்போது இழுவையும் அழுத்தமும் அதிகம் விழுவது மேல் தோலிலும் அடித் தோலிலும்தான். அந்த இரண்டு இடத்திலும் வாழை நாரைத் தட்டின் நீளவாக்கில் நேராகப் பரப்புங்கள், நடுவில் தென்னை நாரை நிரப்புங்கள். பலகையின் தடிமனையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரே பொருளில் தடிமன் இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும்.

முழுத் தென்னை நார்ப் பலகையை அலமாரிக்கு விற்காதீர்கள். விறைப்பு அவ்வளவு தேவைப்படாத இடங்களுக்குக் கொடுங்கள்: பொருள் அனுப்பும் பெட்டி, கதவின் உள் நிரப்பு, சத்தம் தடுக்கும் தட்டி.