அப்படி ஒரு ஆபரேஷன் உண்டா, டாக்டர்?

கேள்வி: மேலூர் பக்கம் என் ஊர். வயது 33. சவுதியில் வேலை. போன லீவில் வந்தபோது என் மனைவி தானாகவே ஆசையோடு நெருங்கி வந்தாள். அதுமுதல் சந்தேகமாக இருக்கிறது. அறையில் உடன் இருக்கும் சூடான்காரர், தங்கள் ஊரில் சிறுமியாக இருக்கும்போதே பிறப்புறுப்பில் வெட்டிவிடுவதால் பெண்கள் அடக்கமாக இருப்பார்கள் என்கிறார். பெரியவர்களுக்கு அப்படி ஆபரேஷன் உண்டா?

பதில்: கிடையாது தம்பி. எந்த டாக்டராவது செய்தால், கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கு ஜெயிலுக்குத்தான் போவார். மாதக்கணக்கில் பிரிந்திருந்த மனைவி ஆசையாக வந்திருக்கிறார், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இது நடக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு என்னிடம் வரும் ஆண்கள் உண்டு.

வெட்டுவது கிளிட்டோரிஸை, அதாவது பெண்ணுறுப்பின் மேற்பகுதியில் இருக்கும் சுக உணர்ச்சிக்கான உறுப்பை. வெளியே தெரிவது அதன் நுனிதான், பெரும்பகுதி உடலுக்குள் இருக்கிறது. ஆசையைக் கிளப்புவதோ மூளையும் ஹார்மோனும். நுனியை வெட்டினால் சுகம் குறையும், உறவின்போது வலிக்கும். ஆசை பிறக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை. அப்புறம் ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர்க் கோளாறு, பிரசவத்தில் கிழிசல். சூடானில் வெட்டியபின் தைத்து மூடும் வழக்கமும் உண்டு. முதலிரவில் புருஷனுக்கும் அது இன்பமாக இருக்காது. இதையெல்லாம் உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார். சூடானே 2020ல் இதைக் குற்றமாக்கிவிட்டது என்பதையும்தான்.

கத்தி பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெட்டாத பெண்ணை எவன் கட்டுவான் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் ஆப்பிரிக்காவின் கினி, சியரா லியோன், சாட் நாடுகளில் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கேட்டுப் பார்த்தபோது, இது ஒழிய வேண்டும் என்றவர்கள் பெண்களைவிட ஆண்களில்தான் அதிகம். அந்த ஆண்கள் வீட்டில் வாய்திறந்து பேசாததால் அம்மாக்களுக்கு அது தெரிவதில்லை. நம் நாட்டிலும் முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தில் ஏழு வயதுவாக்கில் செய்கிறார்கள், 2017ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது.

சரி, உங்கள் விஷயம். இந்தப் பேச்சை மனைவியிடம் விளையாட்டுக்குக்கூட எடுக்காதீர்கள். தூக்கம் கெட்டு, மணிக்கொரு தரம் வீடியோ காலில் அவர் எங்கே என்று பார்க்கும் அளவுக்குச் சந்தேகம் போயிருந்தால் அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. அடுத்த லீவில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். முதல் தடவை நீங்கள் மட்டும் போனால் போதும்.