20 லட்சத்துக்கு 40% பங்கு கொடுக்கலாமா?

வணக்கங்க. கோவை கணபதியில் நண்பரோடு சரிபாதி பார்ட்னர்ஷிப்பில் பம்ப் ஸ்டார்ட்டர் பேனல் செய்றீங்க. ஸ்பின்னிங் மில்காரர் ஒருத்தர் 20 லட்சம் போட்டு 40% கேட்கிறார். இதுதானே விஷயம்?

இந்தக் கணக்குக்கு ஒத்துக்காதீங்க. பணம் உள்ளே வந்த பிறகும் கம்பெனியின் மதிப்பு 50 லட்சம்தான்னு ஆகுதுங்க. மீதி 60%ல உங்க பங்கு 30. அடுத்த சுற்றில் புதுசா ஒருத்தர் 20% எடுத்தா அது 24 ஆயிரும். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பெனியின் முக்கிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு 75% ஓட்டு வேணும். 25%க்கு மேல வச்சிருக்கிற ஒருத்தர் நினைச்சா அதை முடக்கிடலாம். 20% வரைக்கும் பேசிப் பாருங்க. தெரிஞ்சவர்தானேன்னு வாய்ப்பேச்சோட விட்றாதீங்க, அங்கதான் பாதிச் சண்டை தொடங்குது.

பார்ட்னர்ஷிப்பில் ஷேர் ஒதுக்க முடியாது. முதல்ல பிரைவேட் லிமிடெட் ஆக்கணும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கி, பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வாங்குங்க. 60 நாளுக்குள் ஷேர் ஒதுக்கணும். ஒதுக்கிய 15 நாளுக்குள், ஒதுக்கீட்டைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கிற பாஸ்-3 (PAS-3) படிவம் தாக்கல் செய்யணும். அதுவரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடக்கூடாது. பல பேர் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு இதுலதான் மாட்டுறாங்க.

உங்களுக்கும் நண்பருக்கும் நடுவிலும் 4 வருஷ வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமா உரிமையாகிற ஏற்பாடு, எழுதிக்குங்க. முதல் வருஷத்துக்குள் யார் விலகினாலும் அவருக்குப் பங்கு இல்லைன்னு அதில் இருக்கட்டும்.

20 லட்சமும் மெஷினுக்குத்தான்னா, பங்கைக் கொடுக்குறதுக்கு முன்னாடி வங்கியில் சிஜிடிஎம்எஸ்இ (சிறு, குறு தொழில் கடனுக்கான உத்தரவாத நிதி அமைப்பு) உத்தரவாதத்தில் அடமானமில்லாக் கடன் கேட்டுப் பாருங்க.