பழைய பிஸ்டன் விமானத்துக்குப் புது எக்ஸாஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செஸ்னா 140, கான்டினென்டல் சி-85 எஞ்சின். மஃப்ளர் (சைலன்சர்) அரித்துப் போய்விட்டது. சாதா இரும்பு, 321 ஸ்டெயின்லெஸ், இன்கோனல் என்று மூன்று வகை கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

321 வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் சொல்லி விற்பதை வாங்காதீர்கள்; அது 304 ஆக இருக்கலாம். 304 ரக உருக்கு 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால், உள்ளிருக்கும் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோக மணிகளின் ஓரங்களில் படிந்துவிடும். அந்த ஓரங்களில் துருவைத் தடுக்கக் குரோமியம் மிஞ்சாது. அரிப்பு அந்த வழியாகவே உள்ளே இறங்கும். மேலே பளபளப்பு குறையாமல் இருக்கும்போதே வெல்டிங் பக்கத்தில் விரிசல் ஓடுவது இதனால்தான். 321-இல் சேர்த்திருக்கும் டைட்டேனியம் அந்தக் கார்பனைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். எக்ஸாஸ்ட் குழாய் வேலை செய்வது சரியாக இந்தச் சூட்டு வரம்புக்குள் என்பதால், இந்த வேறுபாட்டை விலைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

சாதா இரும்பு மலிவு, வெல்டிங்கும் எளிது. ஆனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் செதில் செதிலாகக் கழன்று சுவர் மெலிந்துகொண்டே போகும். எப்போதாவது மட்டும் பறக்கும் விமானத்தில் குழாய்க்குள் தங்கும் ஈரம் இதை இன்னும் வேகப்படுத்தும். இன்கோனல் 625 மிகச் சிறந்த உலோகம்தான். அதன் அருமை தெரிவது டர்போ பொருத்திய எஞ்சின்களின் சூட்டில். சி-85-க்கு அது தேவையில்லை.

கையில் இருக்கும் குழாய் என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் காந்தம் வைத்துப் பாருங்கள். சாதா இரும்பு கெட்டியாக ஒட்டும். 321 ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். 304-ஐயும் 321-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. அதற்கு உலோகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சுவர்த் தடிமனையும் கேளுங்கள்: 0.035 அங்குலம் (0.9 மி.மீ.), 0.049 அங்குலம் (1.25 மி.மீ.) ஆகிய இரண்டும் வழக்கமானவை. அசலில் இருந்த தடிமனுக்குக் குறைவாகப் போக வேண்டாம்.

கேள்வி: கார் மஃப்ளரை அளவுக்கு வெட்டிப் பொருத்தலாமா? உருவம் ஒன்றுதானே?

சான்றிதழ் பெற்ற விமானத்தில் கூடாது. விமான உற்பத்தியாளரின் பாகமாகவோ, எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) தரும் பிஎம்ஏ (பிற தயாரிப்பாளர் பாகம் செய்வதற்கான அனுமதி) முத்திரை உள்ளதாகவோ, எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்வதற்கான துணைச் சான்றிதழ்) ஒப்புதலோடு வருவதாகவோ இருக்க வேண்டும். பிஎம்ஏ பாகம் என்றால் அதில் பாக எண் பொறித்திருக்கும். அது எந்தெந்த மாடல்களுக்குச் செல்லும் என்ற பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இதே எஞ்சின்தான்’ என்று விற்பவர் சொல்வது போதாது. எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் கவுலிங் (எஞ்சினை மூடும் வெளித்தகடு) மாறும், கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டரில் பனி அடைக்காமல் தடுக்கும் சூடான காற்று) குழாய் எடுக்கும் இடம் மாறும்.

பாகமே எங்கும் கிடைக்காத அரிய விமானம் என்றால், அமெரிக்கப் பதிவில் உரிமையாளரே தன் விமானத்துக்குப் பாகம் செய்துகொள்ள வழி உண்டு. அதற்கு வரைபடம், உலோக விவரம், செய்முறை, தரச் சோதனை இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது உரிமையாளர் உண்மையாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். பட்டறைக்குப் பணம் கட்டியது பங்கெடுப்பு ஆகாது.

கேள்வி: நான்கு தனிக் குழாய்களுக்குப் பதிலாகக் கிராஸ்ஓவர் அமைப்பு போட்டால் சக்தி கூடுமா?

கொஞ்சம் கூடும், காரணமும் தெளிவானது. லைகாமிங், கான்டினென்டல் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் எரிப்பு வரிசை 1-3-2-4. ஒரே பக்கத்தில் இருக்கும் 1-உம் 3-உம் அடுத்தடுத்து எரிகின்றன. 2-உம் 4-உம் அப்படியே. ஒரு பக்கத்து இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால், ஒன்றின் புகை வெளியேறும் நேரத்தில் மற்றதன் புகை வந்து மோதும். கிராஸ்ஓவரில் 1-ஐ 2-உடனும் 3-ஐ 4-உடனும் சேர்க்கிறார்கள். அப்போது ஒவ்வொரு குழாயிலும் எஞ்சினின் ஒரு முழுச் சுற்றுக்கு (360 டிகிரி) ஒருமுறை சீராகப் புகை வரும்.

ஆனால் சக்தியை வைத்து எக்ஸாஸ்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. குழாய்களைச் சுற்றியிருக்கும் தகட்டு உறைதான் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தருகிறது. சாதாரண வெஞ்சுரி கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்கு, 75 விழுக்காடு சக்தியில், வெளியே மைனஸ் 1 டிகிரி இருக்கும்போது, உள்ளே போகும் காற்றை 50 டிகிரி செல்சியஸ் உயர்த்த வேண்டும் என்பது 2017 வரை அமெரிக்கச் சான்றளிப்பு விதியில் இருந்த அளவு. குட்டையான நேர்க்குழாய்களில் உறை சுற்ற இடமே இருக்காது. இரண்டு குதிரைசக்தி கூடிய எஞ்சின் பனி அடைத்து நின்றால் என்ன பயன்? புது அமைப்பு போட்டதும் கார்ப் ஹீட்டை இழுத்து ஆர்பிஎம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து, பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். முன்பைவிடக் குறைவாக இறங்கினால் சூடு போதவில்லை, அல்லது குழாய் எங்கோ கசிகிறது.

கேள்வி: ஸ்டியர்மன், டபிள்யூ-670 ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த) எஞ்சின். புது கலெக்டர் ரிங் (எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்க்கும் வளையக் குழாய்) வந்திருக்கிறது. கடைசி இரண்டு ஃப்ளாஞ்சுகள் (குழாய் முனையில் நட்டுப் போடும் விளிம்புத் தட்டுகள்) சிலிண்டர் முகத்தில் உட்காரவில்லை. நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கலாமா?

கூடாது. அப்படி இழுத்த ஃப்ளாஞ்சின் வெல்டிங் ஓரத்தில்தான் விரிசல் விழும்.

ரிங் துண்டுதுண்டாக, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி செய்திருப்பது சூட்டில் நீள்வதற்காக. 60 செ.மீ. நீளமுள்ள 321 குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6.5 மி.மீ. நீளும். அதே நீளச் சாதா இரும்பு 5 மி.மீ. அளவுக்கே நீளும். ஆகவே பழைய இரும்பு ரிங்கின் இடைவெளியை அப்படியே ஸ்டெயின்லெஸில் நகலெடுத்திருந்தால் இடம் போதாமல் போகலாம். இதைச் செய்து கொடுத்தவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பொருத்தும் முறை இது. எல்லாத் துண்டுகளையும் கழற்றுங்கள். செருகும் பகுதிகளில் பிசிறு நீக்கி, நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பூச்சு) லேசாகத் தடவுங்கள். ஏழு ஃப்ளாஞ்சுகளையும் புதிய கேஸ்கெட்டோடு விரலால் மட்டும் நட்டுப் போட்டு நிறுத்துங்கள். தாங்கிகளும் கிளாம்புகளும் தளர்வாகவே இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு இணைப்பையும் கையால் ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் நகர வேண்டும். நகராவிட்டால் அதன் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது ஃப்ளாஞ்ச் கோணம் தவறி வெல்ட் ஆகியிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்புங்கள். எல்லாம் நகர்ந்தால் முதலில் ஃப்ளாஞ்ச் நட்டுகளை எஞ்சின் கையேட்டின் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குப் பல சுற்றுகளாக முறுக்குங்கள், தாங்கிகளைக் கடைசியில்.

செருகு இணைப்பில் குளிர்ந்த நிலையில் சிறிது புகை கசியும், சூடானதும் அடையும். சீலன்ட் போட்டு அடைக்காதீர்கள். அது இறுகிப்போனால் ரிங் நகர முடியாது. கழற்றிய பழைய கேஸ்கெட்டுகளை உரசிச் சுத்தம் செய்யும்போது கவனம் தேவை: செம்புக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பழைய வகை இன்னும் பல எஞ்சின்களில் இருக்கிறது. ஈரப்படுத்தி, முகமூடி போட்டு எடுங்கள், காற்றடித்து ஊத வேண்டாம்.

கேள்வி: விரிசலை வெல்டிங் செய்தால் போதாதா?

சுவர் இன்னும் தடிமனாக இருந்து, ஃப்ளாஞ்ச் ஓரத்தில் மட்டும் விரிசல் என்றால், அங்கீகாரம் பெற்ற பட்டறை செய்யலாம். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனையால் செய்வது), 321-க்கு 347 நிரப்புக் கம்பி, குழாயின் உட்புறமும் ஆர்கான் வாயு. உள்ளே ஆர்கான் விடாமல் வெல்ட் செய்தால் பின்புறம் சர்க்கரைப் பாகு கருகியது போலப் பொரிந்து, அடுத்த விரிசல் அங்கிருந்தே தொடங்கும். மஃப்ளரின் உடல், உப்பிய இடம், ஊசியால் அழுத்தினால் குழிவிழும் இடம் என்றால் மாற்றுவதே வழி. விரிசல் முனையில் துளை போட்டு நிறுத்தும் வழக்கம் தகட்டு வேலைக்கு உரியது, எக்ஸாஸ்டுக்கு இல்லை.

குழாயில் குறியிட எழுதுபென்சில் கூடாது. துத்தநாகம் பூசிய கருவியும் படக் கூடாது. அந்தப் படிவுகள் சூட்டில் உலோகத்துக்குள் ஊறி, கோடு போட்ட இடத்திலேயே பிளக்கும். மார்க்கர் பேனாவோ சாக்கோ பயன்படுத்துங்கள். சுத்தம் செய்யவும் இரும்புத்தூள் கலக்காத மணலே வேண்டும்.

கேள்வி: குழாயைச் சூடுதாங்கும் துணியால் சுற்றலாமா?

வேண்டாம். வெளியேற வேண்டிய சூடு குழாய்ச் சுவரிலேயே தங்கும், விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. இதே காரணத்தால், கேபின் ஹீட்டை (உறையிலிருந்து விமானத்துக்குள் வரும் சூடான காற்று) எடுத்துவிட்டவர்களும் உறையின் காற்று வழியை அடைக்கக் கூடாது. காற்று உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: பொருத்திய பிறகு என்னென்ன பார்க்க வேண்டும்?

உறையைக் கழற்றிவிட்டு, வாக்யூம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை டெயில்பைப்பில் (புகை வெளிவரும் கடைசிக் குழாய்) துணிசுற்றிச் செருகுங்கள். 2 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். சோப்புத்தண்ணீர் தெளியுங்கள். செருகு இணைப்புகளில் சிறு குமிழ் வந்தால் பரவாயில்லை. மஃப்ளர் உடலில், உறைக்குள் மறையும் பகுதியில், ஒரு குமிழ்கூட வரக் கூடாது.

டெயில்பைப் தாங்கி எஞ்சினில் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். விமான உடலில் பிடித்தால், ரப்பர் மவுன்டில் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் குழாயை முறிக்கும். எரிபொருள் குழாய், கவுலிங், ஒயர் எல்லாம் குறைந்தது 25 மி.மீ. தள்ளி இருக்கட்டும். பத்து நிமிடம் தரையில் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி பாருங்கள். பிறகு 10 மணி நேரத்தில், 25 மணி நேரத்தில். ஃப்ளாஞ்ச் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் கசிவு. விட்டுவைத்தால் அந்தப் புகை அலுமினிய சிலிண்டர் ஹெட்டையே அரிக்கும்.

மஃப்ளருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் உடைந்து வாயை அடைத்தால் சக்தி திடீரென விழும். ஒவ்வொரு ஆண்டுச் சோதனையிலும் போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி) விட்டுப் பாருங்கள். 1,000 மணி நேரம் ஓடிய மஃப்ளரை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, நிறம் மாறும் அட்டையை நம்பாமல் எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டரை எடுத்துக்கொண்டு பறந்து பாருங்கள். ஏறும்போது, கிடையாகப் பறக்கும்போது, இறங்கும்போது, ஹீட்டர் திறந்தும் மூடியும். சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதியில் 2017 வரை இருந்த வரம்பு 20,000-இல் 1 பங்கு, அதாவது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மலிபுவில் இருந்த பயணியின் ரத்தத்தில் 58 விழுக்காடு கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின்) இருந்தது. அதுவும் ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின் விமானம்தான். உங்கள் மீட்டர் பழைய எக்ஸாஸ்டில் காட்டியதைவிட அதிகம் காட்டினால், 50-ஐ எட்டாவிட்டாலும், உறையை மறுபடி கழற்றுங்கள்.