மக்காச்சோளத் தட்டை நிற்கும் கரிசலுக்கு எந்த உளிக்கொழு?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம் அறுத்தாச்சு, தட்டை அப்படியே நிற்கிறது, அடுத்தது பருத்தி. 45 எச்பி டிராக்டருக்கு ஆழமாகக் கீறி உழும் உளிக்கலப்பை கேட்டால், அதன் இரும்பு முனையான கொழுவில் இரண்டு அங்குல நேர்க்கொழு, நான்கு அங்குல முறுக்குக்கொழு, வாத்துப் பாதம் மாதிரி அகன்ற வாத்துக்கால் என்று மூன்று காட்டுகிறார்கள். எதை வாங்க? தட்டை சுற்றிக்கொள்ளுமே, கொளுத்திவிடலாமா?

பதில்: கொளுத்த வேண்டாம். இரண்டு அங்குல நேர்க்கொழுவை வாங்குங்கள், இரு முனையும் தேயும்வரை திருப்பிப் போடுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் அதற்கு முன் உங்கள் நிலத்தில் உளிக்கலப்பை உடைக்க வேண்டிய இறுகிய அடுக்கு இருக்கிறதா, எந்த ஆழத்தில் என்று பாருங்கள். போன வருடப் பருத்தி மார் (காய்ந்த செடி) ஏதாவது நின்றால் பக்கத்தில் குழி எடுத்துப் பாருங்கள், ஆணிவேர் ஒரு சாண் நேராக இறங்கி அப்புறம் சட்டென்று படுக்கையாகத் திரும்பியிருந்தால் அந்த இடம்தான். அதற்கு இரண்டு விரல் கீழே கொழு போனால் போதும். கொழு அகலத்தைப் போல ஐந்தாறு மடங்குக்குக் கீழே இறக்கினால் மண் மேல்நோக்கி உடையாது, பக்கவாட்டில் அழுந்தும், டீசல்தான் தண்டம். இரண்டு அங்குலக் கொழுவுக்கு ஓர் அடிதான் கணக்கு.

முறுக்குக்கொழு மண்ணைப் புரட்டும், தட்டையைப் புதைக்கும், இழுக்கவும் கனம். ஒரு முறை ஓட்டினால் மக்காச்சோளம் போன்ற கெட்டித் தட்டையில் மேலே மிஞ்சுவது முறுக்கில் 50-70%, நேர்க்கொழுவில் 60-80%, வாத்துக்காலில் 70-85%. குறுக்கே இன்னொரு ஓட்டு ஓட்டும்போது மிஞ்சியதில் மறுபடி அதே விகிதத்தில் கழியும். மானாவாரியில் கோடை மழை அடித்து மண் பூட்டிக்கொள்ளாமல் காப்பது மேலே கிடக்கும் தட்டைதான், அதைப் புதைக்கக் காசு கொடுப்பானேன்? வாத்துக்கால் களைக்கு நல்லது, மேலாக ஓட்டலாம், அடுக்கை உடைக்க உதவாது.

தட்டை சுற்றுவது கொழுவால் அல்ல, நீளத்தால். நின்றபடியே தட்டை வெட்டும் இயந்திரத்தை விட்டுச் சாண் நீளத்துக்கு நறுக்கி, காய்ந்த பிறகு மதிய வெயிலில் ஓட்டுங்கள். காலைப் பனியில் நமத்த தட்டை கயிறு மாதிரி சுற்றும். இயந்திரம் வாடகைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

ஈரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஓர் அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள், பென்சில் மாதிரி நீண்டால் காத்திருங்கள், பொடிந்தால் ஓட்டலாம். ஈரத்தில் ஓட்டினால் எந்தக் கொழுவானாலும் கோடு கிழிக்கும், அவ்வளவுதான். இடைவெளி அரை மீட்டர், இரண்டு திசையிலும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை. தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் பரப்பி மேலாக உழுதுவிடுங்கள். கரிசலில் மூன்று கொழு போட்டுச் சக்கரம் வழுக்கினால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

ரோட்டவேட்டர் போட்டு மாவாக்குவதை இந்த வருடமாவது விடுங்கள், அந்த அடுக்கு உருவாக அதுவும் ஒரு காரணம். தட்டை மண்ணில் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் பருத்திக்கு அடியுரத்தில் தழைச்சத்தைத் தவறவிட வேண்டாம். கொழு முனை மழுங்கினால் கலப்பை இறங்காமல் மேலே மிதக்கும், டிரைவர் லிவரை அழுத்துவார், தீர்வு அதுவல்ல, போல்ட்டைக் கழற்றி முனையைத் திருப்புவதுதான்.