விலை இறங்கினால் வீட்டு வரியும் இறங்குமா?

தம்பி, பிராம்ப்டனில் நீங்கள் வீடு வாங்கிய பிறகு அதே தெருவில் விலைகள் இறங்கிவிட்டதாகவும், அதைக் காட்டிச் சொத்து வரியைக் குறைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மதிப்பீட்டை எதிர்த்துக் கேட்கலாம். ஆனால் ஒன்ராறியோவில் அந்தக் காரணம் எடுபடாது.

இங்கே சொத்துகளை மதிப்பிடும் எம்பாக் (MPAC) நிறுவனம் உங்கள் வீட்டுக்கு இட்டிருக்கும் மதிப்பு, 2016 ஜனவரி 1 அன்று அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதன் கணக்கு. பெருந்தொற்றின்போது மறுமதிப்பீடு ஒத்திவைக்கப்பட்டதால் அந்தப் பழைய தேதியே நீடிக்கிறது. ஆகவே 2022 தொடக்கத்தில் விலை உச்சிக்குப் போனதும், மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக ஏற்றியதைத் தொடர்ந்து சந்தை தளர்ந்ததும் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டுதோறும், முந்தைய ஆண்டின் ஜூலை 1 விலையை வைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த மாகாணத்து வான்கூவர்க்காரர் சொல்லும் யோசனையை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கேயும், நகரசபை தனக்கு வேண்டிய தொகையை முதலில் தீர்மானித்து, அதை எல்லா வீடுகளின் மதிப்புக்கும் ஏற்பப் பங்கிடுவதால், உங்கள் வீடு ஊரின் சராசரியைவிடக் கூடுதலாக இறங்கினால்தான் உங்கள் பங்கு குறையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சந்தையை விட்டுவிட்டுப் பதிவைப் பார்ப்பேன். மதிப்பீட்டு அறிவித்தலில் உள்ள எண்களைக் கொண்டு எம்பாக் இணையதளத்தில் நுழைந்தால், காணியின் அளவு, வசிக்கும் பரப்பு, கட்டிய ஆண்டு, குளியலறைகள், முடிக்கப்பட்ட பேஸ்மென்ட் என்று அவர்கள் எழுதிவைத்திருப்பது தெரியும். இல்லாத பேஸ்மென்ட் அறை பதிவில் இருந்தால் அதுவே உங்களுடைய மிக வலுவான வாதம். அடுத்தது, அதே அளவும் வயதும் கொண்ட அயல்வீடுகளின் மதிப்பு உங்களுடையதைவிடத் தெளிவாகக் குறைவாக இருப்பது. ஆனால் பதிவில் ஏறாத திருத்தவேலை உங்கள் வீட்டில் இருந்தால், அதுவும் அவர்கள் கவனத்துக்கு வரலாம் என்பதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

மதிப்பைத் திரும்பப் பார்க்கும்படி எம்பாக்கிடம் கொடுக்கும் மறுபரிசீலனைக் கோரிக்கைக்குக் கட்டணமில்லை. கடைசி நாள் அறிவித்தலிலேயே இருக்கும். புதிய அறிவித்தல் வராத ஆண்டில் மார்ச் 31. குறைப்பில் பங்கு கேட்கும் முகவர்கள் தேவையேயில்லை, படிவம் அவ்வளவு எளியது. முடிவு திருப்தியளிக்காவிட்டால், 90 நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி மதிப்பீட்டு மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம். அதுவரை வரியைத் தவணை தவறாமல் கட்டுங்கள்: தாமதத்துக்கு மாதம் 1.25 சதவீதம் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது, மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியதை நகரசபை சரிசெய்துவிடும்.