அணை 119 அடி ஏறிவிட்டது, நாற்று விடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊர் உத்தமபாளையம் பக்கம். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அப்பா பார்த்துக்கொள்கிறார். முல்லைப் பெரியாறு அணை 119 அடி வந்துவிட்டது. தேக்க அனுமதித்த 142 அடிக்கு 119 என்றால் தாராளம்தானே? முதல் போகத்துக்கு நாற்று விடச் சொல்லவா?

பதில்: தம்பி, இந்த அணையை 104 அடியிலிருந்து எண்ணிப் பழகுங்கள். தேக்கடியில் மலையைக் குடைந்து நம் பக்கம் வரும் சுரங்கத்துக்கு அதற்குக் கீழே நிற்கிற தண்ணீர் எட்டாது. ஆகவே இப்போது கைவசம் 15 அடிதான். அணைக்குள் மேலே போகப் போகப் பரப்பு விரியும். 136-க்கும் 142-க்கும் இடையே ஆறே அடியில் ஒன்றரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) நிற்கும், 104 முதல் 136 வரை 32 அடிக்கும் சேர்த்து 6.12 டி.எம்.சி.தான். கீழே உள்ள இந்த 15 அடிக்கு 3 டி.எம்.சி. தேறாது.

செலவைப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு விநாடிக்கு 200 கன அடி, தேனி மாவட்டக் குடிநீருக்கு 100 கன அடி, 120 நாளைக்கு விட்டால் 3.1 டி.எம்.சி. ஆகிறது. லோயர்கேம்ப் மின் நிலையம் இதே தண்ணீரில் ஓடி ஆற்றில் விட்டுவிடுகிறது, அதனால் நமக்குக் குறைவில்லை. ஆனால் மழை பொய்த்தால் குடிநீர்தான் முதலில், அதுதான் நியாயமும்.

எனவே மட்டத்தோடு நீர்வரத்தையும் தினமும் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்து, வரத்து வெளியேற்றத்தைவிட நாலைந்து நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் தைரியமாக இறங்கலாம். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் நாற்றங்காலை இப்போதே தயார் செய்யலாம். இல்லையென்றால் திறப்பு அறிவிப்பு வரட்டும். ரகம் ஆடுதுறை 45 அல்லது கோ 51 போதும், இரண்டும் 110 நாளுக்குள் வந்துவிடும்.

நட்ட பிறகு வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடச் சொல்லுங்கள்: மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் இரண்டு விரல் உயரம் பாய்ச்சினால் போதும். கதிர் உருவாகும் நேரத்திலும் பூக்கும் நேரத்திலும் மட்டும் காயவே விடக்கூடாது. அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் பதராகிவிடும்.

உங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பிலா, கடைமடையிலா? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். கடைமடை என்றால் தண்ணீர் வந்து சேரும் நாளை வைத்துத்தான் நாற்றின் வயதைக் கணக்கிட வேண்டும்.