சப்தமாதர்கள் தாய்மார் என்றால், கிராமத்தில் அவர்களை ஏன் கன்னிமார் என்கிறோம்? தாய் எப்படிக் கன்னியாக இருக்க முடியும்?

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருப்பது ஏழு கல், அவ்வளவுதான். முகம் கிடையாது, கை கால் கிடையாது. ஆடிப் பதினெட்டு அன்று என் அம்மாயி ஒவ்வொரு கல்லையும் ஏரித் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு வெற்றிலையில் காதோலை கருகமணியும் ஒரு பிடி காப்பரிசியும் வைப்பார். ஏழில் ஒன்று குறைந்தாலும் மறுபடி எண்ணுவார். கன்னிமார் என்றுதான் சொல்வார், ஆனால் கும்பிடும்போது வாயில் வருவது "தாயே, பிள்ளைகளைப் பாத்துக்க" என்பதுதான். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் சின்ன வயதிலிருந்தே உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிராமி, மாகேஸ்வரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி என்ற இந்த ஏழு பேரையும் பலர் அந்தந்தத் தெய்வத்தின் மனைவி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிராமி சரஸ்வதி அல்ல, வைஷ்ணவி லட்சுமி அல்ல. தேவி அசுரர்களோடு போரிடும் கதையைச் சொல்லும் தேவி மாகாத்மியத்தில், போர்க்களத்தில் அந்தந்தத் தேவரின் உடலிலிருந்து புறப்பட்டு வரும் சக்திகள் இவர்கள், அதே வாகனம், அதே ஆயுதத்தோடு. அங்கே நரசிம்மரின் சக்தியான நாரசிம்மியும் உண்டு, சாமுண்டி தனியாக நிற்கிறாள். கோயில் வரிசையில் பெரும்பாலும் நாரசிம்மி இடத்தில் சாமுண்டி வந்துவிட்டாள். ரக்தபீஜன் என்ற அசுரனின் ரத்தம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தாலும் இன்னொரு அசுரன் எழுவான், அந்த ரத்தத்தை விழவிடாமல் வாயில் ஏந்திக் குடித்தவள் சாமுண்டி. ஆக, இவர்கள் யாருக்கும் மனைவியாக வரவில்லை, யாரையும் பெறவும் இல்லை. அந்த அர்த்தத்தில் கன்னி என்ற சொல் சரியாகவே பொருந்துகிறது.

அப்புறம் தாய் எங்கிருந்து வந்தது? மகாபாரதத்தின் வனபர்வத்தில் ஒரு கதை இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தது அதுதான். முருகன் பிறந்ததும் அவனுடைய பலத்தைப் பார்த்துப் பயந்த இந்திரன், உலக மாதர்கள் என்ற ஒரு கூட்டத்தை அனுப்புகிறான், குழந்தையைக் கொல்ல. வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்கிறார்கள், மார்பில் பால் சுரந்துவிடுகிறது. கொல்ல வந்தவர்களே "நீ எங்களுக்குப் பிள்ளையாக இரு" என்று கேட்கிறார்கள். பெறாமலே தாய் ஆகிவிட்டார்கள். அதே கதையின் தொடர்ச்சியில், பதினாறு வயது வரை பிள்ளைகளைப் பிடித்து வருத்தும் அதிகாரமும் மாதர்களுக்குக் கிடைக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாயி விபூதிக்கு முன்னால் கன்னிமாருக்குத்தான் மஞ்சள் துணியில் காசு முடிவார், ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. பிடிப்பவளும் அவளே, விடுபவளும் அவளே.

எல்லோரா 14ஆம் குகையில் இந்த மாதர்கள் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்துச் சிற்பங்களில் பெரும்பாலும் குழந்தை இருக்காது, அபயக் கையும் ஆயுதமும்தான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்து வரிசையைப் பார்க்கலாம். சாளுக்கியர்கள் தங்கள் செப்பேடுகளில் தங்களை ஏழு மாதர்களால் வளர்க்கப்பட்டவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அரச குலத்துக்கும் அவர்கள் வளர்த்த தாய்கள்தான், பெற்றவர்கள் அல்ல.

கிராமத்துக் கன்னிமாரும் கோயில் சப்தமாதரும் ஒன்றா என்றால், வேறு வேறு வழியில் வந்து கலந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏரிக்கரைக் கல்லுக்குத் தேவி மாகாத்மியம் தேவைப்பட்டிருக்காது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தலைவிரி கோலமாக வந்து நிற்கும்போது வாயிற்காவலன் பயந்துபோய்ச் சொல்லும் பெயர்களில் "அறுவர்க்கு இளைய நங்கை" என்று ஒன்று வருகிறது, ஏழு பேரில் இளையவளான பிடாரி என்று உரை சொல்கிறது. அங்கேயே நங்கை, தாய் அல்ல, பாருங்கள். இன்னொன்று, கோயிலில் வரிசையின் இரண்டு முனையிலும் வீரபத்திரரும் பிள்ளையாரும் காவல் இருப்பார்கள். எங்கள் ஏரிக்கரையில் அந்த வேலையைக் கருப்பராயன் செய்கிறார்.

சிவன் கோயிலுக்குப் போனால் தெற்குப் பிரகாரத்தில் வடக்கே பார்த்து இருப்பார்கள். பன்றி முகம் வாராகி, விரிந்த முடியும் மண்டையோட்டு மாலையும் சாமுண்டி, இந்த இருவரை வைத்து மற்றவர்களை எண்ணிப் பிடித்துவிடலாம். இப்போது பஞ்சமி என்றால் வாராகிக்கு மட்டும் மாலையும் விளக்குமாகக் கூட்டம் நிற்கிறது, சந்தோஷம்தான், ஆனால் கூடவே இருக்கும் ஆறு பேர் எண்ணெய்ப் பசை இல்லாமல் தூசி படிந்து இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. அடுத்த முறை போகும்போது இந்திராணிக்கும் வைஷ்ணவிக்கும் ஆளுக்கொரு அகல் ஏற்றிவிட்டு வாருங்கள்.